பிரஷ் செய்த வேலையை இனி யார் செய்வது?

முகச்சவரத்துக்குப் பின் தோன்றும் எரிச்சலைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு பதிலைத் தொடர்ந்து, பிரஷ் இல்லாமல் கையாலேயே தடவிக்கொள்ளும் ஷேவிங் கிரீம்களைக் குறித்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பல கடிதங்கள் ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்புவதால், அவற்றை எட்டுக் கேள்விகளாகத் தொகுத்து விடை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் ஆய்வுக்கூடத்தில் கிரீம் காய்ச்சிப் பழகியவன். ஆகவே கிரீமைப் பற்றிய பேச்சுக்கு நான் பொறுப்பு. தோல் நோய் என்று வருமிடத்தில் உங்கள் மருத்துவரின் சொல்லே முடிவானது.

கேள்வி: 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பிரஷால் நுரை எழுப்பிச் சவரம் செய்து வந்தேன். அண்மைக் காலமாகக் கன்னங்கள் வறண்டு, சவரம் முடிந்ததும் சிவந்து காந்துகின்றன. தோல் மருத்துவர், பிரஷ் தேவைப்படாத மென்மையான கிரீமுக்கு மாறச் சொன்னார். மாறினேன். ஆனால் பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிறது, ஒரே இடத்தில் மூன்று முறை ஓட்ட வேண்டியிருக்கிறது, எரிச்சலும் குறைந்தபாடில்லை. கிரீம் சரியில்லையா, என் தோல் சரியில்லையா?

பதில்: இரண்டிலும் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரஷ் உங்களுக்காக ஓசைப்படாமல் செய்துகொண்டிருந்த ஒரு வேலை, அதைக் கைவிட்ட அன்றே நின்றுபோயிற்று. வேறு எவரும் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை. பிரஷ் என்பது நுரை எழுப்பும் கருவி என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நீர் சுமக்கும் கருவி. நனைத்து லேசாக உதறிய பிரஷ், தன் முடிகளுக்கிடையே நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் சுழலச் சுழல அதைத் தாடிக்குள் இறக்குகிறது. படிந்து கிடக்கும் முடிகளை நிமிர்த்திவிடுகிறது. இதற்கெல்லாம் ஓரிரு நிமிடங்கள் பிடிப்பதால், முடி ஊறுவதற்கான நேரமும் கேட்காமலே கிடைத்துவிடுகிறது.

அந்த ஊறல்தான் சவரத்தின் உயிர். காய்ந்த தாடி முடி பிளேடுக்கு எளிதில் இணங்காது. அதே முடி நீரில் ஊறினால், தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சி, சற்றே பருத்து, இளகிப்போகிறது. அதை வெட்டுவதற்குத் தேவைப்படும் விசையும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் என்றால் இதற்கு 2 முதல் 3 நிமிடங்கள் போதும். சுடச்சுட ஊற்றிக்கொண்டால் இன்னும் விரைவில் இளகும் என்று நினைக்க வேண்டாம். சூடான நீர் தோலின் மேற்பரப்பிலுள்ள எண்ணெய்ப் பசையை அரித்தெடுத்துவிடும். உங்கள் வறட்சிக்கு அது எதிரி.

இனி, உங்கள் புதிய கிரீமில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நுரைக்கும் கிரீம் பெரும்பாலும் சோப்புதான்: கொழுப்பு அமிலங்களைப் பொட்டாசியம், சோடியம் காரங்களோடு சேர்த்துப் பெறுவது. அதன் நுரையின் பி.எச். அளவு (7-க்கு மேலே போனால் காரம், கீழே இறங்கினால் அமிலம்) 9 முதல் 10 வரை இருக்கும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டி, சற்றே அமிலத்தன்மையோடு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இந்தக் காரத்தைத் தாங்கிவந்த தோல், வயது ஏறி எண்ணெய்ச் சுரப்பு குறையும்போது முறையிடத் தொடங்குகிறது. பிரஷ் தேவைப்படாத கிரீம் வேறு குலம். அதில் ஸ்டியரிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே சோப்பாக மாற்றுகிறோம். எஞ்சிய பகுதி மெழுகாகவே நின்று, நீரும் எண்ணெயும் பிரியாமல் கலந்த குழம்பாகக் கிரீம் அமைகிறது. எண்ணெய்க் கலவையையும் நீர்க் கலவையையும் தனித்தனியே 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, ஒன்றில் மற்றொன்றைக் கலக்கியபடி ஊற்றினால் பால் போலத் திரளும். ஆறவிட்டு ஒருநாள் கழித்துப் பார்த்தால் அதன் மேல் முத்துச் சிப்பியின் உட்புறம் போல ஒரு மினுக்கம் ஓடும். ஸ்டியரிக் அமிலம் நுண்ணிய படிகங்களாக உறைந்ததற்கு அடையாளம் அது. உங்கள் டியூபை அழுத்தினாலும் அந்த மினுக்கத்தைக் காணலாம்.

இந்த மெழுகுப் படலம் இரண்டு காரியங்களைச் செவ்வனே செய்யும்: பிளேடு வழுக்கிச் செல்ல வழி தரும், முடிக்குள் ஏற்கெனவே புகுந்த நீரை ஆவியாகாமல் காக்கும். ஆனால் முடிக்குள் நீரைப் புதிதாகப் புகுத்த அதனால் பெரிதாக ஆகாது. உலர்ந்த முகத்தில் அதைத் தடவினால், உலர்ந்த முடியின் மேல் மூடி போட்டதாகிவிடும். உங்கள் பிளேடு இழுப்பதற்குக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு.

ஆகவே முறையை இப்படி மாற்றிப் பாருங்கள். குளித்து முடித்ததும் சவரம் செய்யுங்கள். அது இயலாவிட்டால், மென்மையான முகக்கழுவியால் முகத்தைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை 2 அல்லது 3 நிமிடங்கள் தாடியின் மேல் வைத்திருங்கள். பிறகு முகத்தைத் துடைக்காதீர்கள்; நீர் சொட்டுகிற நிலையிலேயே, விரல்களும் ஈரமாக இருக்க, ஒரு பட்டாணி அளவு கிரீமை ஒரு கன்னத்துக்கு என்ற கணக்கில் எடுத்து, முடி வளரும் போக்குக்கு எதிராக மேல்நோக்கித் தேய்த்து, முடிகளின் அடியில் படியுமாறு விரல் நுனியால் அழுத்துங்கள். இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். பல் துலக்காதவராயின் அந்த நேரத்தில் துலக்கிக்கொள்ளலாம். கன்னத்தில் தொடங்கி, கழுத்துக்கு இறங்கி, மேலுதட்டையும் மோவாயையும் கடைசிக்கு வையுங்கள். அங்கேதான் முடி முரடு, அதற்குத்தான் ஊறும் நேரம் அதிகம் வேண்டும்.

தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்பது தவறான கணக்கு. ஸ்டியரிக் அமிலம் தண்ணீரில் கரையாது. தடித்த பூச்சு பிளேடுகளின் இடுக்கில் அடைத்துக்கொள்ள, அடைபட்ட ரேசர் வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை வெதுவெதுப்பான நீரில் ரேசரை அலசுங்கள். முடியின் போக்கிலேயே ஒரு முறை ஓட்டினால் போதும். விட்டுப்போன இடம் இருந்தால், அங்கே மறுபடி நீரும் கிரீமும் தொட்டுக்கொண்டு குறுக்குவாட்டில் ஒரு முறை. வெறும் தோலில் ரேசர் படவே கூடாது. ஒரு பிளேடை 5 முதல் 7 சவரங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மழுங்கிய பிளேடுக்கு ஈடுகொடுக்கும் கிரீமை இதுவரை யாரும் காய்ச்சவில்லை.

கேள்வி: கடையில் எந்த டியூபை எடுத்தாலும் 'மென்மையான தோலுக்கு', 'ஒவ்வாமை தராதது', 'தோல் மருத்துவர்கள் சோதித்தது', 'இயற்கையானது' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டு டியூபைத் திருப்பிப் பிடியுங்கள். முன்பக்கம் எழுதுபவர் விற்பனைத் துறையினர். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல்தான் எங்களைப் போன்றவர்கள் எழுதியது.

'ஒவ்வாமை தராதது' என்னும் பொருள்பட 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று போடுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல், சோதனை செய்து நிரூபித்த பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று விதி வகுத்தது. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுக்க, 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்நாட்டில் அச்சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. எழுதுபவர் என்ன பொருளில் எழுதுகிறாரோ அதுவே அதன் பொருள். 'தோல் மருத்துவர்கள் சோதித்தது' என்பதும் சோதித்தார்கள் என்று மட்டுமே சொல்கிறது. என்ன கண்டார்கள் என்று சொல்வதில்லை.

பட்டியலில், எடை மிகுந்த பொருள் முதலிலும் குறைந்த பொருள் அடுத்தடுத்தும் வரும். 1 சதவீதத்துக்குக் கீழானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். நீர், ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் என்று தொடங்கும் பட்டியல் உங்களுக்கு வேண்டிய கிரீமுக்குரியது. டைமெத்திகோன், மினரல் ஆயில், ஷியா வெண்ணெய் ஆகியவை வழுக்கலுக்கு. அலன்டாயின், பான்தெனால் ஆகியவை தோலை ஆற்றுவதற்கு. முன்பக்கத்தில் பெரிய இலையாக வரைந்திருக்கும் சோற்றுக்கற்றாழை, பின்பக்கத்தில் வாசனைப் பொருளுக்கும் பின்னால் ஒளிந்திருந்தால், அது பெயருக்கு ஒரு சொட்டு என்று கொள்ளலாம்.

முதலில் தேடி விலக்க வேண்டியது வாசனை. 'ஃபிரேக்ரன்ஸ்' அல்லது 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் முதல் நூற்றுக்கு மேற்பட்டவை வரை அடங்கியிருக்கலாம். லிமோனீன், லினலூல், ஜெரானியால் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தாலும் அவை வாசனைப் பொருள்களே. 'அன்சென்டட்' என்பதும் 'ஃபிரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் சொல், மணம் தெரியாது என்று மட்டுமே பொருள்படும். மூலப்பொருளின் மெழுகு வாடையை மறைக்க வேறொரு மணப்பொருளைச் சேர்த்திருக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அடுத்தது, கிரீம் கெடாமல் காக்கும் பதப்பொருள். நீர் கலந்த எந்தக் கிரீமும் பதப்பொருள் இல்லாமல் நில்லாது; ஆகவே 'பதப்பொருளே இல்லை' என்று தேடி அலைவது வீண். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இதனால் ஒவ்வாமை பரவலாகத் தோன்றியதால், அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல், கழுவாமல் தோலில் விட்டுவிடும் பூச்சுகளில் இதைத் தடை செய்து, கழுவி நீக்கும் பொருள்களில் மிகச் சிறிய அளவுக்கே இடமளித்திருக்கிறது. ஷேவிங் கிரீம் கழுவி நீக்கும் வகை என்றாலும், பிளேடால் சுரண்டப்பட்ட தோலின் மேல் இதை வைத்துச் சோதிப்பானேன்?

மென்தாலை விரும்பாதவர்கள் குறைவு. அது தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளை ஏமாற்றிக் குளிர்ந்ததாகச் சொல்லவைக்கிறது. எரிச்சல் தொடங்கிவிட்டதைத் தெரிவிக்க வேண்டிய நரம்பு வேறு செய்தி சொல்லிக்கொண்டிருப்பதால், நாமும் இன்னொரு முறை பிளேடை ஓட்டிவிடுகிறோம். எளிதில் சிவக்கும் தோலுக்கு அது வேண்டாம்.

'ஆல்கஹால்' என்ற சொல்லைக் கண்டதும் டியூபைக் கீழே வைத்துவிடும் வாசகர்களுக்கு ஒரு சொல். 'ஆல்கஹால் டிநேச்சர்டு' தோலை உலர்த்தும். அதை விலக்குவது சரி. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்பவை பெயரளவில் மட்டுமே அதற்கு உறவு. அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள், கிரீமுக்கு மென்மை தருபவை. 'இயற்கையானது' என்ற சொல்லுக்கும் அளவுக்கு மீறிய மதிப்புத் தர வேண்டாம். தேயிலை மர எண்ணெயும் புதினா எண்ணெயும் எலுமிச்சைத் தோல் எண்ணெயும் இயற்கையானவைதாம். காற்றுப்பட்டுப் பழையதாகும்போது அவற்றில் சில, ஒவ்வாமையைத் தூண்டும் வலிமையைக் கூட்டிக்கொள்கின்றன.

பட்டியலில் தேறிய கிரீமையும் நேரே முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் ஒரு சிறிய நாணய அளவுக்குத் தடவி, 5 நிமிடங்கள் விட்டுக் கழுவுங்கள். நாளுக்கு இரு முறையாக ஒரு வாரம் செய்யுங்கள். ஒரே நாளில் முடித்துக்கொண்டால் பயனில்லை, ஏனெனில் ஒவ்வாமை தலைகாட்ட 2, 3 நாள்கள் எடுத்துக்கொள்ளும். தடவிய உடனே சுர்ரென்று எரிந்தால் அது தோலைப் புண்படுத்தும் எரிச்சல். இரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்பும் வந்தால் அது ஒவ்வாமை. முன்னதை அளவையும் முறையையும் மாற்றிச் சமாளிக்க முடியும். பின்னதற்கு அந்தப் பொருளை வாழ்நாள் முழுதும் விலக்குவதே வழி.

கேள்வி: பிரஷ் இல்லாத கிரீம் என்பது அண்மைக்கால வணிகத் தந்திரம்தானே? எங்கள் தாத்தா காலத்தில் இப்படி ஒன்று இருந்ததாகத் தெரியவில்லையே?

பதில்: நூறாண்டு கடந்த பொருள் இது. பார்பசால் என்ற பெயரில் டியூபில் அடைத்த கிரீம் அமெரிக்காவில் 1919-இல் வந்துவிட்டது. 1925-இல் வந்த பர்மா ஷேவ் நெடுஞ்சாலை ஓரங்களில் வரிசையாகப் பலகை நட்டு, பலகைக்கு ஓர் அடியாக வேடிக்கைப் பாட்டு எழுதி, காரில் போகிறவர்கள் அடுத்த அடிக்காகக் காத்திருக்கும்படி செய்து பெயர் வாங்கியது. அதற்குச் சற்று முன்பு, முதல் உலகப் போரின்போது, சரியாகத் தூய்மை செய்யப்படாத குதிரை முடியால் ஆன பிரஷ்களிலிருந்து ஆந்த்ராக்ஸ் தொற்றிச் சிலர் இறந்ததும் உண்டு. இன்றைய பிரஷ்களைப் பார்த்து அஞ்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஈரத்தோடு மூலையில் கிடக்கும் பிரஷை எந்தக் காலத்திலும் நம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: கிரீம், ஜெல், டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை, ஷேவிங் எண்ணெய் ஆகிய நான்கும் பிரஷ் இல்லாமலே பயன்படுகின்றன. மென்மையில் எது முதலிடம்?

பதில்: என் வரிசையில் பீய்ச்சும் நுரை கடைசி. பார்வைக்கு ஒரு கை நிறைய வந்தாலும் அதில் பெரும்பகுதி வாயுதான். அழுத்தத்தில் அடைபட்ட ஐசோபியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்கள் வெளிவந்து விரிவதால் உண்டாகும் பருமன் அது. தோலைத் தொட்டு நிற்கும் ஈரப் படலம் மெல்லியது, விரைவில் காய்ந்துவிடுவது. விரலில் தேய்த்துப் பாருங்கள்: அரை நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். பஞ்சு போன்ற தோற்றத்தைக் கண்டு மென்மை என்று மயங்குகிறோம்.

ஜெல் இரு வகை. டியூபிலிருந்தோ டப்பாவிலிருந்தோ ஜெல்லாக வந்து, தேய்க்கும்போது நுரையாக மாறுவது ஒன்று. உடலின் வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் ஐசோபென்டேனை அதில் கலந்திருப்பார்கள். இது பீய்ச்சும் நுரையைவிட அடர்த்தியானது, ஆயினும் அடிப்படையில் சோப்புக் குடும்பமே. மற்றொன்று கடைசிவரை கண்ணாடி போலவே இருக்கும் நுரைக்காத ஜெல். தாடியின் ஓரத்தை வரம்பு கட்டி மழிப்பவர்களுக்கும், மருவோ பருவோ உள்ளவர்களுக்கும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரிவதே ஒரு பாதுகாப்பு.

எண்ணெய் நன்றாக வழுக்கும், ஆனால் நனையாத முடியின் மேல் பூசினால் நீருக்குத் தடையாகிவிடும், ரேசரையும் பிசுக்காக்கும். வேண்டுமானால் ஊறிய தாடியின் மேல் இரண்டு சொட்டு எண்ணெயும் அதன்மேல் கிரீமும் என்று வைத்துக்கொள்ளலாம். வறண்ட தோலுக்கு, வாசனையற்ற டியூப் கிரீமையே நான் முதலில் வைப்பேன். எண்ணெய் வழியும் தோலுக்கு அது கனமாகத் தோன்றினால் நுரைக்காத ஜெல்.

கேள்வி: என் தாடி முடி சுருண்டு வளர்வது. கழுத்தில் சவரத்துக்குப் பின் சிறு சிறு கொப்புளங்கள் எழும்பிக் கறுத்துப்போகின்றன. நான்கு கிரீம்கள் மாற்றிவிட்டேன். ஐந்தாவதாக எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: ஐந்தாவதைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தொல்லைக்குக் காரணம் கிரீமில் இல்லை, வெட்டும் ஆழத்தில் இருக்கிறது. சுருள்முடியைத் தோலுக்கு மிக அருகில் சாய்வாக வெட்டும்போது அதன் முனை ஈட்டி போலக் கூராகிறது. வளரும்போது வளைந்து, பக்கத்துத் தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. உடல் அதை அயற்பொருளாகக் கருதிச் சண்டையிடுவதால் கொப்புளம் எழுகிறது. அடுக்கடுக்காகப் பல பிளேடுகள் கொண்ட ரேசர்கள் இதை மோசமாக்குகின்றன: முதல் பிளேடு முடியைப் பிடித்துத் தூக்க, பின்னால் வருவது அதை வெட்ட, வெட்டுப்பட்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து வெளியே வழி தேடாமல் உள்ளேயே துளைத்துக்கொள்ளும் முடிகளும் உண்டு.

ஆகவே வழவழப்பு என்ற ஆசையைச் சற்றே தளர்த்துங்கள். கொப்புளங்கள் ஆறும்வரை சில வாரங்கள் சவரத்தை நிறுத்துங்கள். அலுவலக நிமித்தம் முடியாதென்றால், டிரிம்மரால் 1 மில்லிமீட்டர் முடி நிற்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கும்போது ஒற்றைப் பிளேடு ரேசரை எடுத்து, தோலை இழுத்துப் பிடிக்காமல், அழுத்தாமல், முடியின் போக்கில் ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். கழுத்தில் முடியின் போக்கு இடத்துக்கு இடம் மாறும். இரண்டு நாள் வளர்ந்த முடியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் தடவும்போது குத்தவில்லையோ அதுவே போக்கு. முடியை நன்கு ஊறவைத்தால், வெட்டுப்பட்ட முனையின் கூர்மை குறைகிறது. கிரீமும் நீரும் இங்கே செய்யக்கூடிய உதவி அவ்வளவே. உள்ளே புதைந்த முடியை ஊசியால் தோண்டாதீர்கள். தழும்பு தடித்து வளர்ந்தாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். லேசர் முதலிய சிகிச்சைகள் இதற்கு உண்டு.

கேள்வி: 17 வயதான என் மகனுக்கு முகப்பரு. இரவில் அடாபலீன் ஜெல் தடவுகிறான். சவரம் செய்யத் தொடங்கியிருக்கிறான். அப்பாவின் ரேசரையும் மென்தால் நுரையையுமே எடுத்துக்கொள்கிறான், எரிகிறது என்கிறான். என்ன வாங்கித் தரலாம்?

பதில்: முதலில் தனி ரேசர் வாங்கித் தாருங்கள், அம்மா. இரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெப்பட்டைட்டிஸ் பி, சி போன்ற தொற்றுகளை எண்ணினால், ரேசர் என்பது தந்தையும் மகனும்கூடப் பகிர்ந்துகொள்ளும் பொருளன்று.

அடாபலீன் தோலின் மேலடுக்கை மெலிவாகவும் உலர்வாகவும் ஆக்கக்கூடியது; முதல் சில வாரங்களில் வெறும் நீர் பட்டாலே சுர்ரென்றிருக்கும். அதன்மேல் மென்தால் நுரை எரியத்தான் செய்யும். வாசனையற்ற கிரீமோ நுரைக்காத ஜெல்லோ ஏற்றது. பருக்கள் கண்ணுக்குத் தெரிவதால் அவனுக்கு ஜெல்லே வசதி. சாலிசிலிக் அமிலம் சேர்த்து 'பருவுக்கான ஷேவிங் ஜெல்' என்று விற்பதை வாங்காதீர்கள். மருந்து இரவிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. மருந்தை இரவிலும் சவரத்தைக் காலையிலும் வைத்துக்கொள்ளட்டும். நாள்தோறும் மழிக்க வேண்டிய அளவுக்கு அந்த வயதில் முடி இராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். பருவின் தலையைச் சீவக்கூடாது. அதைச் சுற்றி விட்டு வர வேண்டும். வலியோடு கூடிய பெரிய கட்டிகள் இருந்தாலோ, மருத்துவர் பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்திருந்தாலோ, பிளேடு வேண்டுமா என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கால்களை மழிக்க ஆண்களுக்கான ஷேவிங் கிரீமைப் பெண்கள் பயன்படுத்தலாமா? தலைக்குப் போடும் கண்டிஷனரே போதும் என்கிறாள் தோழி.

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், பெரும்பாலும் வேறுபாடு டியூபின் நிறத்திலும் மணத்திலும்தான். தோழி சொல்வதும் தவறில்லை. கண்டிஷனரிலும் சீட்டைல் ஆல்கஹால் போன்ற வழுக்கும் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன. குளியலின் கடைசியில், முடி ஊறிய பிறகு தடவினால் கால்களுக்கு அது நன்றாகவே பயன்படும். ஆனால் கண்டிஷனர்களில் வாசனை மிகுதி. குளியலறைத் தரையும் வழுக்கும். மறந்தும் 'முடி நீக்கும் கிரீமை' ஷேவிங் கிரீம் என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். அது முடியையே கரைக்கும் கடுமையான காரப் பொருள். அதைத் தடவி ரேசரையும் ஓட்டினால் தோல் புண்ணாகிவிடும்.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தை படுக்கையில் இருக்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். தோல் காகிதம் போல இருக்கிறது; கை நடுங்குகிறது. பிரஷும் நுரையும் படுக்கையையே நனைத்துவிடுகின்றன. எளிய வழி உண்டா?

பதில்: இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு மின்சார ரேசரே முதல் தேர்வு, சிறு கீறலிலும் இரத்தம் நெடுநேரம் நிற்காது. படுக்கையருகில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் மின்சார ரேசரையும் பீய்ச்சும் நுரையையும் அருகில் கொண்டுவராமல், மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும்; இரண்டிலும் தீப்பற்றும் அபாயம் உண்டு.

பிளேடுதான் என்றால், பிரஷ் இல்லாத முறை உங்களுக்காகவே ஏற்பட்டது போன்றது. தலைமாட்டை உயர்த்தி, தோளுக்குக் கீழே ஒரு துண்டை விரியுங்கள். இன்னொரு சிறு துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, அவர் தாடியின் மேல் 2, 3 நிமிடங்கள் போர்த்துங்கள். பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். சுட்டாலும் அவரால் சொல்ல முடியாமல் போகும். பிறகு நுரைக்காத ஜெல்லை ஒரு கன்னத்துக்கு மட்டும் தடவுங்கள். முழு முகத்துக்கும் தடவிவிட்டு ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்க விட வேண்டாம். எந்தப் பக்கம் தொடப்போகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். எதிர்பாராமல் தொட்டால் முகம் திரும்பும், பிளேடு வெட்டும்.

தளர்ந்த தோலை இடக்கையின் இரு விரல்களால் மேல்நோக்கி மெதுவாக ஏந்திப் பிடித்து, 2 சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன இழுப்பாக, முடியின் போக்கிலேயே ஓட்டுங்கள். உங்கள் முழங்கையை அவர் தலையணையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் பெருமளவு அடங்கும். ரேசரை அலசக் கிண்ணம் நிறைய நீர் வேண்டியதில்லை. ஈரத் துணியில் துடைத்தாலே போதும். கீறல் பட்டுவிட்டால், சுத்தமான துணியால் 5 நிமிடங்களுக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 10 நிமிடங்களைத் தாண்டியும் நிற்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள். முடிந்ததும் வாயோரச் சுருக்கத்திலும் காது மடலின் கீழும் மோவாயின் அடி மடிப்பிலும் ஜெல் தங்கியிருக்கும். அதைச் சொல்ல அவருக்கு வாய் ஒத்துழைக்காது, காய்ந்தபின் இரவெல்லாம் அரிக்கும். புதிதாக நனைத்த துணியால் அந்த மூன்று இடங்களையும் தனித்தனியே ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காயுமுன் வாசனையற்ற மாய்ஸ்சரைசரைத் தடவிவிடுங்கள்.